கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தவள்

படப்பிடிப்பில் எல்லோரும் அவளைப் பேயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "வரேன் தம்பி" என்று அவளும் எழுந்து போவாள். அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. விடிந்ததும் ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குவாள். அது முடிந்ததும் வெள்ளை அங்கியை மாட்டி, இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பேயாக நிற்பாள். "காலையிலயும் வெள்ளைத் துணி, மத்தியானமும் வெள்ளைத் துணி, என் பொழப்பே வெளுத்துப் போச்சு" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் நடிப்பதெல்லாம் நாலு கதைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பேய்ப் படங்கள். கையில் காசில்லாத பையன்கள் எடுப்பது. ஒரு வாடகை வீடு, ஒரு கேமரா. கூடத்தில் ஒரு கதை, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று. நாலு கதைக்கு நாலு பேய் வைத்தால் கட்டுப்படியாகுமா? முடியை நனைத்தால் கிணற்றில் விழுந்தவள், சாம்பலைத் தூவினால் தீயில் வெந்தவள். வகிடு மாறினால் ஆளே வேறு.

இதையெல்லாம் யாரய்யா பார்க்கிறார்கள் என்று உதட்டைப் பிதுக்குகிற மேதாவிகள் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய படத்தில் பெரிய நடிகர் இருட்டறைக்குள் போனால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தப் படங்களில் வருகிறவனை நமக்கு முன்னே பின்னே தெரியாது. அவன் எந்த நிமிடமும் சாகலாம். அந்த வீட்டில் மினுக்குவது நம் வீட்டு டியூப்லைட். குளியலறையில் இருப்பது நம் வீட்டு பிளாஸ்டிக் வாளி. படம் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனால் அந்த வாளியை ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் வர முடியுமா? ஒரு கதை சொதப்பினால் தொலையட்டும், அடுத்தது இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்தப் பயம் சீக்கிரம் முடிந்துவிடும். நமக்கென்று வாய்த்த பயங்கள் அப்படியா முடிகின்றன? வேலையில் நொந்து வருகிறவனுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. இத்தனை படங்களில் ஒன்றில்கூட அவள் முகம் தெரிந்ததில்லை. அவள் மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே சாப்பாட்டு நேரத்தில் பெண்களெல்லாம் தலையோடு தலை முட்ட ஒரே கைபேசியில் பார்ப்பது இந்த மாதிரிப் படங்களைத்தான்.

"எங்கம்மா நடிச்சதுன்னு சொல்ல வேண்டியதுதானேடி?" என்று ஒருநாள் மகளிடம் கேட்டாள்.

"முடியக் காட்டி இதான் எங்கம்மான்னா எவம்மா நம்புவா? சவுரின்னு சிரிப்பாங்க" என்றாள் மகள், வாசல் நாற்காலியில் இருந்த அம்மாவைத் தாண்டிப் போய்ப் பையை ஆணியில் மாட்டியபடி.

தப்பாகச் சொல்லவில்லைதான். ஆனாலும் அது அவள் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. தகப்பன் இல்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவள். அந்தப் பிள்ளை நாலு பேர் நடுவே விரலை நீட்டி "அதோ எங்கம்மா" என்று சொல்ல வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த படத்தின் டைரக்டரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள். நல்ல பையன். "நாலாவது கதை முடிவுல முடிய ஒதுக்கி உங்க முகத்தக் காட்டுறோம்க்கா, கவலைய விடுங்க" என்றான். அன்றிலிருந்து சலவை அறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணை உருட்டுவதும் உதட்டைக் கோணுவதுமாகப் பழகினாள். மகளிடமும் சொல்லியாகிவிட்டது. "இந்தத் தடவ மூஞ்சி வருதுடி."

நடுப்பகலில்தான் ராத்திரிக் காட்சிகளை எடுப்பார்கள். ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிவிடுவது. சத்தம் பதியும் என்பதால் மின்விசிறியையும் நிறுத்திவிடுவது. படுக்கையறைக் கதை எடுத்த அன்று ஒரு ஜன்னலுக்குத் துணி போதவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். துணியோடு மாரடிக்கிறவளுக்கு அது பொறுக்குமா? பீரோக் கண்ணாடியில் ஆள் தெரியக்கூடாது என்று போர்த்தியிருந்த துணியை அவளே உருவி ஜன்னலில் கட்டினாள். அவள் முறை வர நேரம் இருந்தது. கதவுக்குப் பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். புழுக்கம் தாங்காமல் முடியை அள்ளி உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியை ஒருவரும் நினைக்கவில்லை.

மாடிக் கதையின் கடைசியில் சொன்னபடியே முகத்தையும் எடுத்தார்கள். மாவைக் குழைத்தது போல வெள்ளை பூசி, உதட்டுக்குக் கறுப்புத் தீட்டி, பழகியதையெல்லாம் அவள் செய்து காட்டினாள். ஆனால் படத்தொகுப்பு முடிந்ததும் டைரக்டர் ஃபோனில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மன்னிச்சிருங்கக்கா. பாத்தவங்களுக்குப் பயம் வரல, சிரிப்பு வந்துருச்சு. வெட்டிட்டோம்."

"சரி தம்பி. படம் நல்லா வந்தா சரி" என்றாள். ஃபோனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் படமே வெளிவந்துவிட்டது.

மறுநாளே டைரக்டர் கூப்பிட்டான். பேயறைந்தவன் போலப் பேசினான். "அக்கா, படம் பிச்சுக்கிட்டுப் போகுது. எல்லாம் உங்களாலதான். ரெண்டாவது கதையில கண்ணாடிக்குள்ள நீங்க உக்காந்திருக்கீங்க. எங்க யாருக்குமே தெரியல. ஹீரோ பாட்டுக்குப் படுத்துத் தூங்குறான், பின்னாடி நீங்க சும்மா உக்காந்து பாத்துட்டே இருக்கீங்க. ஜனம் கொல நடுங்கிப் போய்க் கிடக்கு. அடுத்த படத்துல மேக்கப்பே வேண்டாம், அதே மாதிரி உக்காந்தா போதும்."

அவளுக்குச் சந்தோஷப்படுவதா, நொந்துகொள்வதா என்று தெரியவில்லை. அரிதாரம் பூசி ஆடியபோது சிரித்தார்களாம். வெறும் மூஞ்சியைக் கண்டு நடுங்குகிறார்களாம். எந்தத் தாய்க்குத்தான் இதைக் கேட்க நன்றாக இருக்கும்? வீட்டுக்கு வந்து வாசல் நாற்காலியில் சாய்ந்து, அன்றைக்கு எப்படி உட்கார்ந்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். வழக்கம்போலத் தாண்டிப் போகாமல், பையைத் தோளில் இருந்து கழற்றாமல், வாசலிலேயே நின்றாள்.

"ஆபீஸ்ல பாத்தோம்மா. அதோ எங்கம்மான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தி கையில இருந்த தண்ணியக் கொட்டிட்டா. அவ்ளோ பயம்."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "அடுத்த படத்துலயும் அதே மாதிரி உக்காரணுமாம். எப்படி உக்காந்தேன்னு எனக்கே தெரியலடி. நீ பாத்தியே, சொல்லேன்."

மகள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"தினமும் நான் வரும்போது இந்த நாற்காலியில உக்காந்திருப்பியே, அப்படித்தாம்மா. நான்தான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

 அவள் சாப்பாடு எடுத்துவைக்க எழுந்தாள். மகள் அவள் தோளில் கை வைத்து மறுபடி உட்காரவைத்துவிட்டு, அடுக்களைக்குள் போனாள்.