பட்டை கட்டினால் முழங்கால் நல்ல பிள்ளை

முழங்காலில் சென்சார் கட்டி நடையைச் சோதிக்கிற பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பட்டையைக் கட்டியதும் நோயாளிகளின் நடை அநியாயத்துக்கு அழகாகிவிடும். என்னோடு சேர்ந்து அவதிப்படும் சக பாவிகளே, கேளுங்கள்.

நிற்காத நடை

எங்கள் கிளினிக் கச்சிபௌலியில். தொடையில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று என்று தீப்பெட்டி அளவு சென்சார்களைப் பட்டையால் கட்டி, வராந்தாவில் நடக்கச் சொல்வேன். முழங்கால் எப்படி மடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று என் டேப்லெட்டில் கோடு ஓடும். ஒரு ஐ.டி. இளைஞர், நான் போதும் என்ற பிறகும் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார். வலி போய்விட்டது போல என்று எனக்கு ஒரே பூரிப்பு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மேடம், இதெல்லாம் எங்க ஆபீஸ் வாக்கிங் சாலஞ்சுல சேருமா?"

குடியரசு தின அணிவகுப்பு

சண்முகம் சாருக்கு குஷாய்குடாவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலை. தெருவில் போகும்போது வலது முழங்கால் திடீரென்று உள்பக்கம் மடங்கி, ஆளைக் கீழே தள்ளிவிடும். ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. பஸ் வரும் நேரத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர் மனைவி கோமதி அம்மாளுக்குத் தூக்கமே இல்லை.

சார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பட்டையைக் கட்டினேன். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, அணிவகுப்பு மாதிரி நடந்தார். கோடு பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. கோமதி அம்மாள் பல்லைக் கடித்தார்: "வீட்டுல ஒரு நாளாவது இப்படி நடந்திருக்கீங்களாங்க?"

டீக்கடை வரைக்கும்

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "பட்டையோடயே வாங்க சார், எதிர்ல டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கிளப்பினேன். வாசலில் செருப்பை மாட்டினார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், டேப்லெட்டில் கோடு கோணிக்கொண்டு ஓடியது. "மடங்குது! மடங்குது!" என்று நடுத்தெருவில் துள்ளிக் குதித்தேன். நான் குதித்துக்கொண்டிருக்க, விழப்போனவரைத் தாங்கிப் பிடித்தது கோமதி அம்மாள்தான். ஆள் விழும்போது எதற்கு இத்தனை சந்தோஷம் என்று டீக்கடைக்காரர் ஊர் உருதுவில் என்னை முறைத்தார்: "கைக்கு இத்னா குஷி, மேடம்?"

குற்றவாளி

சாரின் வலது செருப்பைக் கழற்றித் திருப்பினேன். உள்பக்கம் தேய்ந்து, சறுக்குமரமாகக் கிடந்தது. ஏற்கெனவே தொடைத் தசை பலவீனம். அந்தச் சரிவில் கால் வைத்ததும் முழங்கால் உள்ளே போய்விடுகிறது. இத்தனை நாளும் வருகிறவர்களை எல்லாம் வீட்டுப் பழக்கத்தில் வெறுங்காலோடு நடக்கவிட்டுச் சோதித்த மேதைகள் நாங்கள்!

பக்கத்துக் கடையில் புதுச் செருப்பு வாங்கி மாட்டி நடந்தார். கோடு ஒழுங்காக ஓடியது. தசைக்குப் பயிற்சி செய்தால் போதும் என்றேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கோமதி அம்மாள் அழுதார், உடனே சிரித்தார், அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார்: "எத்தனை டாக்டர்கிட்ட ஏறி இறங்கியிருப்போம்! ஒருத்தராவது வாசல்ல கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

இப்போது எங்கள் வாசலில் 'செருப்போடு உள்ளே வரவும்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். எல்லோரும் நின்று அதை முழுசாகப் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.