நெல்லுக்குப் பூட்டிய சொக்

பிள்ளைகளே, அறுவடை நாளில் எங்கள் பிக்கப் நெல் மூட்டைகளோடு வள்ளம் மாதிரி ஆடி ஆடிப் போனதைப் பார்த்துச் சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். “மனிசிக்குச் சொக் பூட்டினவர் வாறார், வழி விடுங்கோ!” என்று ஒருவர் கத்தினார். பின்னால் மூட்டைக்கு மேல் இருந்த நீங்களும் சிரித்தீர்கள். அவர்கள் சிரித்தது சுட்டது. நீங்கள் சிரித்தது அதைவிடச் சுட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சொக் என்பது சில்லுக்குப் பக்கத்தில் நிற்கிற குழாய். பாதையில் கிடங்கு பள்ளத்தில் விழுந்த வண்டி துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்கிப் பிடிப்பது அதுதான். எங்கள் பழைய சொக்குகள் எண்ணெய் கசிந்து செத்துப்போயின. ஏ-ஒன்பது வீதியில் வேகம் எடுத்தால் வண்டி மிதந்தது. எங்கள் ஊருக்குப் போகிற காட்டுப் பாதையில் ஆளைத் தூக்கிப் போட்டது.

உங்கள் அம்மாவின் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஷெல் துண்டு ஒன்று கிடக்கிறது. சண்டைக் காலத்தில் பட்டது. எடுக்கப் போனால் கால் வழங்காமல் போகலாம் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். மாதா மாதம் வவுனியாவில் கிளினிக். அவவுக்காகத்தான் சொக் மாற்றப் போனேன்.

வவுனியாவில் பாகங்கள் விற்கும் கடைக்காரர் முதலில் கேட்டதே, “எத்தினை மூட்டை ஏத்துவியள், அண்ணை?” என்றுதான்.

“மூட்டை கிடக்கட்டும், தம்பி. மனிசியைக் கிளினிக்குக்குக் கொண்டு போறனான். அவவுக்கு முதுகு ஏலாது.”

“வன்னி றோட்டுக்குக் கல்லு மாதிரி நிக்கவேணும். இதைப் பூட்டுங்கோ. அக்காவுக்கு ஒரு தலகணியைப் போட்டுவிடுங்கோ!”

கடையில் நின்ற எல்லாருக்கும் சிரிப்பு. மூட்டைக்கு இருந்த மரியாதை மனிசிக்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் வண்டியை வெறுமனே ஓட்டிப் பார்ப்பதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாக எதைப் பூட்டினாலும் பாரம் ஏற்றித்தான் பார்ப்பார்கள். அன்றும் ஊருக்கு வந்ததும் ஆட்கள் கூடி, ஆலைக்குப் போக இருந்த நெல்லை ஏற்றிக் குளக்கட்டால் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. பின் பலகையில் தட்டி, “சோக்கான சாமான்!” என்றார்கள். அந்தப் பாரம்தான் வண்டியை அமத்தி வைத்திருக்கிறது என்று ஒருவருக்கும் படவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் வெறும் வண்டி. முன் சீற்றில் அம்மா மட்டும். காட்டுப் பாதையில் ஒவ்வொரு கிடங்கும் கீழே இருந்து இடித்தது. அவ கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தா. புளியங்குளத்தில் பெரிய வீதிக்கு ஏறியதும், “இஞ்சை நிப்பாட்டுங்கோ. நான் பஸ்ஸிலை போறன்” என்றா.

“பஸ்ஸிலை இருக்க இடம் கிடையாது!”

“நிண்டுகொண்டு போறன். இது நெல்லுக்குப் பூட்டின வண்டி. நான் நெல்லில்லை.”

இறங்கிப் போய்விட்டா. நான் வெறும் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னால் வவுனியா வரைக்கும் போனேன். பஸ்ஸின் பின் கண்ணாடிக்குள்ளால் அவ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சொந்த வண்டி பின்னால் வர, ஏலாத முதுகோடு நின்று போகிறா. எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை.

நேரே கடைக்குப் போனேன். “பூட்டின சாமானைத் திருப்பி எடுக்கமாட்டம், அண்ணை” என்றார் கடைக்காரர்.

“எடுக்க வேண்டாம். வந்து ஏறும்.”

அவரை முன் சீற்றில் ஏற்றி, கடைக்குப் பின்னால் கல்லும் கிடங்குமாய்க் கிடக்கிற ஒழுங்கையால் ஓட்டினேன். முதல் கிடங்கில் அவரின் தலை கூரையில் முட்டியது. “தலகணி தரட்டோ?” என்று கேட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினவர் உள்ளே போய் வேறு இரண்டு சோடி எடுத்து வந்தார்.

கிளினிக் முடிந்ததும் நான் போய்க் கூட்டி வந்த அம்மாதான் தெரிவு செய்தா. முதல் சோடி ஒழுங்கையில் மெத்தை மாதிரி இருந்தது. பெரிய வீதியில் ஓடிப் பார்த்துவிட்டு, “இதிலை தலை சுத்துது, வேண்டாம்” என்றா. அடுத்ததைப் பூட்டி, இரண்டு பாதையிலும் ஓடி வந்த பிறகு, “இடிக்கவுமில்லை, மிதக்கவுமில்லை. இது காணும். வீட்டை போவம்” என்றா.

அந்தச் சொக்தான் இப்போதும் கிடக்கிறது. மூட்டை நிறைய ஏற்றினால் ஆடும். ஆடட்டும். சண்டை முடிந்து நீங்கள் பிறந்து வளர்ந்தும் ஆயிற்று. கேட்டுக் கேட்டு வாய் நொந்ததுதான் மிச்சம், அரசாங்கம் எங்கள் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டவில்லை. அதைக் கேட்க வராத சந்திக்காரருக்கு எங்கள் வண்டி ஆடுவதுதான் பகிடி.

இனிமேல் பாதிப் பாரம்தான் ஏற்றுவேன். ஆலைக்கு இரண்டு தரம் போக வேண்டி வரும். சிரித்த நீங்கள் அன்றைக்கு மூட்டை தூக்க வாருங்கள்.