எண்ணூற்று இருபது ஃபூட் லாம்பர்ட்

பஞ்சாலைக்கு நாற்பத்து மூன்று வயது. மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவள். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்த இடத்தில் கையுறைத் தொழிற்சாலை கட்டினார்கள். அதே மண்ணுக்கு அம்பாங்கான் அடுக்குமாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பதினோரு வருடம் வந்து போனாள்.

பால்நிறக் கண்ணாடி பதித்த மேசை, அடியில் குழல்விளக்குகள். கையுறையை அந்த வெளிச்சத்தின்மேல் விரித்துப் பிடித்து ஊசித்துளை தேடுவதுதான் அவள் வேலை. போன ஆண்டு புது மேசைகள் வந்தன. வெளிச்சம் முகத்தில் அறைந்தது. மத்தியானத்துக்குள் கண்ணீர் கொட்டும்; எங்கே திரும்பினாலும் கரும்புள்ளி மிதக்கும். இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் முறை எழுதுவதற்குள், அவள் பார்த்து அனுப்பிய ஆறு பெட்டிகள் துளையோடு திரும்பி வந்தன. பார்வை போய்விட்டது, வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிடப் பார்த்தார்கள். பழுது கண்ணிலா, மேசையிலா? அவள் பிழைப்பு அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

மேற்பார்வையாளர் லோகேஸ்வரி, மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தச் சொன்னாள்.

“அம்மனுக்கு எதுக்குக்கா கண்ணு? அந்த மேசையில நான்ல உக்காந்திருக்கேன்” என்றாள் பஞ்சாலை.

மேசை வெளிச்சத்தை அளக்க வந்தவர் பாதுகாப்பு அதிகாரி மகிந்தன். சிரம்பான்காரர், சின்ன வயது. கருவியைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். 820 காட்டியது. கம்பெனி விதிப்படி ஆயிரம் வரை போகலாம். படிவத்தில் 820 என்று எழுதி, மேசையில் குறையில்லை என்றார்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, கூலி போடுவதற்காக ரப்பர்ப்பாலில் கண்ணாடிக்குழலை மிதக்கவிட்டுக் கெட்டியின் எண்ணை வாசிக்கும்போது, கழுத்தை நீட்டித் தானும் பார்க்காதவள் ஏமாந்துதான் போவாள். பஞ்சாலை இங்கேயும் கழுத்தை நீட்டினாள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘எஃப் எல்’ என்று இரண்டு சின்ன எழுத்துகள். சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளில் வேறு குறி இருந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் கைப்பேசியில் தேடினாள். கருவி காட்டியது ஃபூட் லாம்பர்ட், அமெரிக்காவின் பழைய அளவு. விதி சொல்வதோ சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று. முதலாவதை 3.426 ஆல் பெருக்கினால்தான் இரண்டாவது வரும்.

மறுநாள் மகிந்தனின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

“நீங்க எது வரைக்கும் படிச்சீங்க அக்கா?”

“பாரம் ஃபைவ், செகண்டரி ஸ்கூல் முடிச்சேன். பெருக்கலுக்கு அது போதும்லா, சார்.”

சிரித்தபடியே அவளோடு மேசைக்கு வந்தார். கருவியில் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தினார். 2809. சிரிப்பு நின்றது. இன்னொரு தரம் அழுத்தி, பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டார்.

“மீட்டர் சரிதான் அக்கா. நான்தான் யூனிட்டப் பாக்கல. இப்ப மாத்துனா, நான் அளந்த முப்பது மேசையும் தப்புன்னு ஆயிடும்.”

“அப்ப என் கண்ணு தப்பாவே இருக்கட்டும்ங்கிறீங்க.”

அவர் கருவியை உறையில் போட்டார்.

எண்ணுக்குப் பட்சபாதம் இல்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். எண்ணை எழுதும் கைக்கு உண்டு, அதைச் சொல்லமாட்டார்கள். அவளை நீக்குவது பற்றிய விசாரணையில் நிர்வாகி முன்னால் படிவம் இருந்தது, மகிந்தன் இருந்தார், 820 இருந்தது. பஞ்சாலை பெருக்கிக் காட்டிய தாளை, அவள் பொறியாளர் இல்லை என்று சொல்லி யாரும் கையில் வாங்கவில்லை.

நீக்கக் கடிதத்தில் ‘பார்வைக் குறைவு’ என்றிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் அவள் நிதானமாக எழுதினாள்: 820 ஃபூட் லாம்பர்ட், 2809 கேண்டெலா. நிர்வாகி வேறு பிரதி எடுத்து, ‘ஊழியர் ஒப்பமிட மறுத்தார்’ என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் லோகேஸ்வரி போன் செய்தாள். ஒவ்வொரு மேசையிலும் மூன்று குழலில் இரண்டைக் கழற்றிவிட்டார்களாம். இப்போது யாருக்கும் கண் எரிவதில்லையாம்.

“ஒன் கடுதாசிய மாத்திக் குடுப்பாங்களான்னு கேட்டேன் பஞ்சா. மின்சாரம் மிச்சம் பண்ணத்தான் கழட்டுனாங்களாம்.”