பாகு அடுப்பும் வெள்ளை மாத்திரையும்

கடலைமிட்டாய்க்குப் பாகுதான் எல்லாம். பாகுக்குப் பதம் ஒரு நிமிஷம். முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பிந்தினால் கசக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, தகரத் தட்டில் எறிய வேண்டும். 'டங்' என்று கேட்டால் சட்டியை இறக்கலாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தை விட எனக்குப் பதம் நன்றாகத் தெரியும். கோவில்பட்டியில் பாகு அடுப்பில் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். எங்கள் கொட்டகையில் நான் நின்றேன். பன்னிரண்டு வருஷம் மிட்டாயைத் துண்டு போடும் வெட்டு மேசையில் உட்கார்ந்த பிறகு கிடைத்த இடம். அந்த அகப்பையை யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வராது.

நாற்பத்து மூன்று வயதில் வயிற்றில் ஆபரேஷன். கட்டி எடுத்தார்கள் என்று ஊரில் சொன்னேன். பொய்யில்லை. கட்டியோடு கர்ப்பப்பையும் போனது, சினைப்பையும் போனது. அதைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் ஆட்டுக்காரர். ஆட்டிடம் பேசுவதில் பாதிகூட மனுஷரிடம் பேச மாட்டார். அதனால் பயமில்லை.

ஆபரேஷன் முடிந்து அடுப்புக்குத் திரும்பிய பத்தாம் நாள் காந்தல் ஆரம்பித்தது. நெஞ்சுக்கு நடுவில் யாரோ தீக்குச்சி உரசின மாதிரி இருக்கும். கழுத்து, காது, உச்சி என்று ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். இரண்டு நிமிஷம்தான். பிறகு குளிரும். வீட்டில் படுத்தாலும் விடாது. நான் போர்வையை உதைத்த உதையில் என் வீட்டுக்காரர் ஆட்டுக்கிடைக்கே படுக்கப் போய்விட்டார்.

"அங்கன ஆடும் ஒதைக்கும். ஆனா ஏசாது" என்றார்.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடமே போனேன். மெதுவாக வந்து நிற்க வேண்டியது திடீரென்று நின்றதால் உடம்பு இப்படிச் செய்கிறது என்றார். ஹார்மோன் மாத்திரை எழுதினார். சின்ன வெள்ளை மாத்திரை. தினம் ஒன்று. மூன்று வாரத்தில் காந்தல் அடங்கியது. வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். ஒரு வருஷம் ராணி மாதிரி அடுப்பில் நின்றேன்.

பங்குனி வந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா பங்குனியில். கொடை நாளில் மாதவிடாய் வந்து தூரமாகிவிட்டால் கோயில் பக்கம் போகக் கூடாது. பொங்கல் பானையைத் தொடக் கூடாது. வருஷமெல்லாம் காத்திருந்து அன்றைக்கு மூலையில் உட்கார யாருக்குப் பிடிக்கும்? அதனால் கொடை நெருங்கினால் பெண்கள் மருந்துக்கடையில் தூரத்தைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குவார்கள். கேட்கத்தான் கூச்சம். கடை முழுக்க ஆண்பிள்ளைகள் நிற்பார்கள்.

என் வீட்டுக்காரரின் அக்கா எனக்கு மதினி. அதே கொட்டகையில் வெட்டு மேசையில் வேலை. ஒரு நாள் காலையில் நான் மாத்திரை போடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"ஏட்டி, அதத் தினம் திங்கியே. என்னத்துக்கு?"

"சூட்டுக்கு மதினி."

"சூட்டுக்கா? எனக்குத் தெரியாதாக்கும். ஒரு வருஷமா நீ தூரமே ஆகல."

"அதையெல்லாம் பாப்பீங்களா?"

"பின்ன? ஒரே கொட்டகை, ஒரே தெரு. கொடைக்கு எனக்கு நாலு குடு."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கும் முழுதாகத் தெரியாது. மருந்துக்கடையில் கொடுப்பதையும் ஹார்மோன் மாத்திரை என்றுதான் சொன்னார்கள். என்னுடையதும் ஹார்மோன் மாத்திரை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அட்டையிலிருந்து நாலு கிழித்துக் கொடுத்தேன்.

வெட்டு மேசையில் எட்டுப் பேர். மறுநாள் எட்டுப் பேருக்கும் தெரியும்.

"எக்கா, எனக்கு அஞ்சு."

"சித்தி, எனக்குத் திருச்செந்தூர் போகணும்."

"எனக்கு நாத்தனா வளைகாப்பு."

சாமி காரியம், நல்ல காரியம். இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்தேன். அடுத்த மாதமும் கொடுத்தேன். பக்கத்து ஊர்களில் கொடைகள் வரிசையாக வந்தன. ஒரே அட்டை எத்தனை பேருக்கு வரும்? மிச்சத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டேன். பிறகு காந்தும்போது மட்டும் போட்டேன். காய்ச்சல் மாத்திரையைக் காய்ச்சல் வந்தால்தானே போடுகிறோம் என்று என் கணக்கு.

அடுத்த பங்குனிக்குள் காந்தல் திரும்பி வந்துவிட்டது. முதலில் நாளுக்கு ஒன்று. பிறகு சட்டிக்கு ஒன்று. மாத்திரைக்கு வேகம் போய்விட்டது என்று நினைத்தேன். உடம்புக்குப் பழகிவிட்டது என்றும் நினைத்தேன். நான் போடாமல் விட்டதை மட்டும் நினைக்கவில்லை. மோர் குடித்தேன். நல்லெண்ணெய் தேய்த்தேன். வீட்டுக்காரர் எங்கிருந்தோ பதநீர் கொண்டுவந்தார். ருசியாக இருந்தது. காந்தல் போகவில்லை. அவர் பாயை மறுபடியும் எடுத்தார்.

கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. சட்டியில் பாகு நுரைத்து வருகிறது. நெஞ்சில் தீக்குச்சி உரசியது. கண் இருட்டியது. அகப்பையைப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். முகத்தில் இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பாகு கறுத்துப் புகைந்தது. கொட்டகை முழுக்கத் தீய்ந்த வெல்ல வாடை. எட்டுப் பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

முதலாளி அண்ணாச்சி வந்து சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"ஒனக்கு அடுப்பு ஒத்துக்கல. கொடை முடியட்டும். பாகுக்கு வேற ஆளப் போடுதேன். நீ மேசைக்குப் போயிரு."

"சரி அண்ணாச்சி" என்றேன். அவர் மேல் தப்பில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடை வந்தது. பொங்கல் வைக்கிற காலையில் மதினி தலைக்குக் குளித்துப் புதுச்சேலை கட்டி, பானைக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தாள். வாசலைத் தாண்டவில்லை. என்னிடம் வாங்கிய மாத்திரையைப் போட்டும் தூரமாகிவிட்டாள். போன வருஷம் தப்பித்தது மாத்திரையால் இல்லை. அவளுக்கு அப்போது நாளே அதுவல்ல. நடுவில் கேட்காமல் போன ஒன்றிரண்டு பேர் தங்கள் நேரம் என்று விட்டிருந்தார்கள். மேசையில் இன்னும் இரண்டு பேருக்கும் அன்றைக்கே அதே கதி.

சாயங்காலம் என் வீட்டுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு மதினி கத்தினாள்.

"ஏட்டி, நீ குடுத்தது மாத்திரையா சுண்ணாம்பா?"

"எனக்கும் கேக்கல மதினி. உடம்பு காந்துது. அடுப்பே போகப் போகுது."

அவள் கத்தலை நிறுத்தினாள்.

"ஒனக்கும் கேக்கல. எனக்கும் கேக்கல. அப்போ மாத்திரதான் கள்ள மாத்திர. நாளக் கழிச்சு நான் குளிச்சிருவேன். பொறப்படு. அந்த டாக்டரம்மாவ ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வருவோம்."

டவுன் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மதினி என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் பயந்து எங்களிடம் கடைசியாக வந்துதான் டிக்கெட் கொடுத்தார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, எப்படி இருக்கீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் மதினி ஆரம்பித்தாள். "உங்க மாத்திரைக்கு வேகம் இல்ல டாக்டரம்மா. இவளுக்கும் கேக்கல. எனக்கும் கேக்கல."

"உங்களுக்கா? உங்களை நான் பார்த்ததே இல்லையே."

மதினி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"யாருக்கெல்லாம் கொடுத்தீங்க?" என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"மேசைக்கு" என்றேன்.

"எந்த மேசைக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். கொடை, திருச்செந்தூர், வளைகாப்பு, ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டது, பிறகு காந்தும்போது மட்டும் போட்டது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு மதினியிடம் சொன்னார்.

"அம்மா, இது தூரத்தைத் தள்ளிப்போடுற மாத்திரை இல்ல. கர்ப்பப்பை இருக்கிறவங்க இதை மட்டும் தனியா, கேட்காமச் சாப்பிடக் கூடாது. கெடுதல். இவங்களுக்குக் கர்ப்பப்பையும் இல்ல, சினைப்பையும் இல்ல. அதான் எழுதினேன்."

மதினி என் பக்கம் திரும்பினாள்.

"எடுத்துட்டாவளா?" என்றாள் மதினி.

"ரெண்டு வருஷமாச்சு" என்றேன்.

"அதான் தூரம் ஆகலையா?"

"அதான்."

என்னை ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. "பாவி மட்ட, எட்டுப் பேர ஏமாத்திட்டியே" என்று என் முதுகில் அடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. டாக்டரம்மாவுக்கும் வந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாத்திரைக்கு வேகம் போகவில்லை. நான்தான் போடவில்லை. தினம் ஒன்று, ஒரே நேரத்தில், விடாமல் போட வேண்டும் என்றார். ரத்தம் எடுத்தார். தொண்டையில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது கெட்டாலும் இப்படிக் காந்துமாம். சரியாகத்தான் இருந்தது. எத்தனை டீ குடிப்பேன் என்று கேட்டார். எட்டு என்றேன். மூன்றாக்கச் சொன்னார். என் நைலக்ஸ் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நூல் சேலை கட்டச் சொன்னார். அடுப்பு முன்னால் நின்றால் கொஞ்சம் வரத்தான் செய்யும், காற்று வர வழி பண்ணுங்கள் என்றார். மாத்திரை மறுபடி பிடிக்க மூன்று நாலு வாரமாவது ஆகும், பொறுக்க வேண்டும் என்றார்.

மூன்று வாரம். முதலாளி அண்ணாச்சி பொறுப்பாரா?

மறுநாள் மதினிதான் அவரிடம் பேசினாள். எனக்கு அந்தப் பேச்சு வராது.

"அண்ணாச்சி, இவள மாத்தாதிய. ஒரு மாசம் குடுங்க. காந்துனா நான் ரெண்டு நிமிசம் அகப்பையப் பிடிக்கேன். இன்னொரு சட்டி தீஞ்சா நாங்க ரெண்டு பேரும் போயிருதோம்."

"நீ எதுக்குப் போகணும்?"

"அவ இல்லாம எனக்கு என்ன வேல? அப்பறம், அடுப்புக்குப் பின்னால செங்கல் வச்சு அடைச்சிருக்கியளே ஒரு ஜன்னல். அதத் தெறந்து விடுங்க."

"தூசி வரும்."

"வலை அடிங்க. உள்ள நிக்கது மனுசியா பணியாரமா?"

முணுமுணுத்துக்கொண்டே செங்கல்லைப் பெயர்க்கச் சொன்னார். வலையும் அடித்தார். கரிசல் காட்டுக் காற்று நேராக உள்ளே வந்தது. கொட்டகையில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் 'அப்பாடா' என்றார்கள். மறுநாளிலிருந்து முதலாளி அண்ணாச்சியின் நாற்காலி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடந்தது. மதினி பார்த்துக்கொண்டே இருந்தாள். இருமினாள்.

ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். நெஞ்சில் தீ உரசும்போது "மதினி" என்பேன். அவள் வெட்டுக் கத்தியை வைத்துவிட்டு வந்து அகப்பையை வாங்குவாள். நான் ஜன்னலில் முகத்தைக் கொடுத்து நிற்பேன். முதல் வாரம் நாளுக்கு ஆறு தடவை வந்தாள். இரண்டாம் வாரமும் அப்படித்தான். எனக்குப் பயம் வந்தது. மூன்றாம் வாரத்தில் இரண்டு தடவை. நாலாம் வாரத்தில் ஒரு நாள், அவளே மேசையிலிருந்து கத்தினாள்.

"ஏட்டி, இன்னைக்கு என்னக் கூப்பிடவே இல்ல. கோவமா?"

அன்றைக்குக் கடைசிச் சட்டி. பாகு பொன்னாக வந்தது. சொட்டை உருட்டித் தட்டில் எறிந்தேன். டங். முதலாளி அண்ணாச்சி நாற்காலியிலிருந்து திரும்பினார். சட்டியை இறக்கினேன். கடலையைக் கொட்டிக் கிண்டினேன். மேசையில் பரப்பினேன். அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"பாகுக்கு ஆளு பாத்தேன். ஒருத்தனும் கெடைக்கல. நீயே நின்னுக்கோ" என்றார்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தால்தானே பார்ப்பதற்கு?

"சரி அண்ணாச்சி" என்றேன். அன்றைக்கு மூன்று தட்டுச் சோறு தின்றேன். வீட்டுக்காரர் பாயோடு வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டார்.

காந்தல் முழுக்கப் போகவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும். வந்தால் ஜன்னல் இருக்கிறது.

அடுத்த பங்குனியில் மேசைக்குப் புதிதாக வந்த ஒருத்தி, "எக்கா, உங்ககிட்ட கொடைக்கு மாத்திர இருக்காமே" என்றாள். நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மதினி கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்:

"அது பாகு காய்ச்சுத மாத்திர. வேற எதுக்கும் கேக்காது. நீ டாக்டரம்மாகிட்ட போயிக் கேளுட்டி."