ஆண்டுக்கு விட்ட இடம்

மார்ச் 12. பர்கூர் கிரானைட் பட்டறை. மனைவி மேரியின் கல்லறைக்கல்லை எடுத்துச்செல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவுக்குக் கல்லறைக்கற்கள் அனுப்பும் பட்டறை இது. அந்நாட்டு வழக்கப்படி, கல்தச்சர் முனிராஜ் அவள் பெயருக்கு அருகில் என் பெயரையும் வெட்டி, இறந்த ஆண்டுக்கு இடம் விட்டிருக்கிறார்.

“நான் இன்னும் இருக்கிறேனே?”

“அதான் சார் காலியா உட்டுருக்கறன். அவசரமே இல்ல. வேணாம்னா பேர அழிச்சிரட்டுங்களா?”

கல்லில் என் பெயரைத் தடவியபடி, மேரி எழுதிவந்த நூலைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் தொடக்க காலத்தில், யாருக்கும் அடிமையாக இராமல் வாழ்ந்த கறுப்பினக் கல்தச்சர் ஒருவரின் வரலாறு அது. ஊராருக்கெல்லாம் கல்லறைக்கல் வெட்டியவரின் கல்லறையை அவளால் கண்டுபிடிக்க இயலவில்லை.

“நம்ம தொழில்காரரு. ஒரு கல்லு வெட்டிரலாம் சார். அவருக்குப் பொறந்தது, செத்தது ரெண்டு வருஷத்தயும் காலியா உட்டுர்றன்.”

வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

செய்யாமல் விட்டவை: மேரியின் நூலுக்குக் கடைசி அத்தியாயம், அந்தக் கல்தச்சரின் கல்லை நட ஓர் இடம், என் பெயரை அழிக்கச் சொல்வது.