முதலாளி லாகின்

சங்கரன்கோவிலில் அந்தக் காலத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். எண்பதுகளின் கடைசி. ரத வீதியில் நூல் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் கடை மாடியில் ஏசி போட்டு, இரண்டு டெர்மினலோடு ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கீழே நூல் பேல் இறங்கும், மேலே நாங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாகரிகமாக உட்கார்ந்திருப்போம். மெட்ராஸ் கம்பெனி ஒன்று, மெஷினில் ஃபைல்களை அடுக்கிப் பூட்டிக் காக்க, தான் தயாரித்த ஃபைல் சிஸ்டத்துக்குச் சோதனை புரோகிராம்கள் எழுதித் தரும் வேலையை இவரிடம் ஒப்படைத்திருந்தது. ஏன் இவரிடம் என்று கேட்காதீர்கள். சம்பந்தி வழியில் ஏதோ பழக்கம்.

எழுதுகிறவன் முதலாளியின் மச்சினன். அவன் எழுதினதைப் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். எம்.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போய்ப் போய் கம்ப்யூட்டரும் படித்திருந்தேன். வேலை ஒழுங்காக முடிந்தால் எங்களில் ஒருவரை மெட்ராஸ் கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலோ புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்துவிட்டுப் போயிருந்தார். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆர்டர் வந்தால் மெட்ராஸ், வராவிட்டால் தை மாதம் கல்யாணம். எனக்கு மெட்ராஸ் வேண்டும். பைத்தியம் பிடித்த மாதிரி வேண்டும்.

ஒரு ஃபைலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், அந்த ஃபைலைப் பற்றிய விவரத்தை மட்டும் சிஸ்டத்திடம் கேட்பதற்கு ஸ்டாட் என்று ஓர் அழைப்பு உண்டு. எவ்வளவு பெரிசு, யாருடையது, கடைசியாக எப்போது கை வைத்தார்கள், எல்லாம் சொல்லும். பூட்டி வைத்த டைரக்டரிக்குள் இருக்கும் ஃபைலைப் பற்றி உரிமை இல்லாதவன் கேட்டால் மட்டும் முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்கிறதா என்று பார்க்கத்தான் சோதனை.

இங்கேதான் எங்கள் ஆபீசின் சீர் தெரிய வரும். எந்தப் பூட்டுக்கும் கட்டுப்படாத லாகின் ஒன்று ஒவ்வொரு மெஷினிலும் இருக்கும். ஆத்திர அவசரத்துக்கு மட்டும் எடுக்க வேண்டியது. எங்கள் ஆபீசில் அதற்கு முதலாளி லாகின் என்றே பெயர். நம் ஆட்கள் காலையில் வந்து விபூதி பூசினதும் அதில்தான் உட்காருவார்கள். முதலாளியும் அதில், மச்சினனும் அதில். சாதாரண லாகின் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம நூல் கிட்டங்கியத் திறக்க நாம எவன்கிட்டம்மா சாவி கேக்கணும்?" என்றார். ஆக, உரிமை இல்லாதவன் கேட்டால் என்ன ஆகும் என்கிற சோதனையை, எல்லா உரிமையும் உள்ள மகாராஜா ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டம் பாவம், மகாராஜாவிடம் முடியாது என்று எப்படிச் சொல்லும்? கேட்டதையெல்லாம் சொல்லிற்று.

சோதனை தோற்றால் கொஞ்சமாவது மூளை உள்ளவன் ஏன் என்று யோசிப்பான். மச்சினன் யோசிக்கவில்லை. எதிர்பார்க்கும் விடை 'மறுக்கணும்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'விடலாம்' என்று மாற்றி எழுதிவிட்டான். மெஷின் என்ன சொல்லுகிறதோ அதுதான் சரியான விடை. பரீட்சை எழுதிவிட்டு, தன் பேப்பரைப் பார்த்தே விடைக்குறிப்பு தயார் செய்கிற புத்தி! நான் கேட்டதற்கு, "எல்லாம் ஓக்கேன்னு காட்டுதுல்லா, பெறவென்ன?" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்கென்று ஒரு சாதாரண லாகின் உண்டாக்கிக்கொண்டேன். அந்த மெஷினிலேயே மனுஷப் பெயர் உள்ள ஒரே லாகின் அதுதான். வேலைக்காரி லாகின் என்று மச்சினன் கேலி செய்தான், செய்துகொள்ளட்டும். பூட்டு சம்பந்தப்பட்ட சோதனைகளை மட்டும் என் லாகினில் புதிதாக எழுதி, விடைகளை ஒழுங்காகப் போட்டு ஓட்டினேன். மறுக்க வேண்டிய இடத்தில் சிஸ்டம் அழகாக மறுத்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார், சரிம்மா உன்னுடையதையே அனுப்புவோம் என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் மெட்ராஸில் எந்தப் பக்கம் ஹாஸ்டல் பார்க்கலாம் என்றுகூட யோசித்தேன். அவ்வளவு நம்பிக்கை!

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எனக்கு லீவு. தபசு முடிந்து வந்தபோது, சோதனைகளைப் பதிந்த டேப் மெட்ராஸுக்குப் போயிருந்தது. தீபாவளி கழிந்து மெட்ராஸிலிருந்து அதிகாரி ஒருவர் டேப்போடு நேரில் வந்துவிட்டார். அங்கே சாதாரண லாகினில் ஓட்டினதும் பூட்டு சோதனைகள் எல்லாம் தோற்றுவிட்டனவாம். டேப்பை ஏற்றி, என் ஃபைலைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். நான் 'மறுக்கணும்' என்று போட்டிருந்த அத்தனை இடத்திலும் 'விடலாம்'.

நடந்தது புரிய நேரமாகவில்லை. நான் இல்லாத நாளில் மச்சினன் என் சோதனையையும் முதலாளி லாகினில் ஓட்டியிருக்கிறான். தோற்றிருக்கிறது. வழக்கம்போல விடையை மாற்றிவிட்டான். அந்த லாகின் யாருடைய ஃபைலிலும் எழுதலாம், எழுதின பிறகும் ஃபைல் பழைய ஆள் பெயரிலேயே இருக்கும்.

அதிகாரி ஃபைல்கள் யார் யாருடையவை என்று திரையில் வரவழைத்தார். மற்றதெல்லாம் முதலாளி லாகின். ஒன்றில் மட்டும் என் பெயர். அவர்கள் ஆபீசில் தப்பு என்று எழுதினால் எதிரே ஓர் ஆள் பெயர் எழுத வேண்டுமாம், ஆள் பெயர் இல்லாத பொது லாகினை எழுத முடியாதாம்.

"இது நான் எழுதின விடை இல்லை சார். கடைசியா எப்போ கை வச்சிருக்காங்கன்னு பாருங்க. நான் அன்னைக்கு ஆபீசுலயே இல்லை" என்றேன்.

பார்த்தார். 1970 ஜனவரி என்று இருந்தது. எங்கள் மெஷினில் கரண்ட் போய் வந்தால் தேதி முதலிலிருந்து ஆரம்பிக்கும், யாராவது உட்கார்ந்து சரியான தேதியைப் போட வேண்டும். தபசு நாளில் கரண்ட் போயிருக்கிறது. மச்சின மகானுக்குத் தேதி போடவும் சோம்பல்.

முதலாளி மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டே, "எழுபதுல நீ எங்கம்மா இருந்தே?" என்றார்.

"ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தேன், அண்ணாச்சி."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் என் பெயரையும் எழுதிக்கொண்டார். மச்சினன் அந்த அறையில்தான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை. முதலாளிக்குத் தெரியும், நான்தான் சரியானதைக் காட்டியிருந்தேனே. அவரும் திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகூர்த்தத்துக்கு முதலாளி குடும்பத்தோடு வந்து வெள்ளிக் குத்துவிளக்கு வைத்துவிட்டுப் போனார். மச்சினன் ஏன் வரவில்லை என்று மரியாதைக்குக் கேட்டேன். அவன் மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். எங்களில் ஒருவரை எடுக்க வேண்டும் என்று வந்தபோது எல்லா ஃபைலையும் பார்த்தார்களாம், அவன் பெயரில் ஒரு தப்பும் இல்லையாம்.