வெல்டர் அண்ணனின் லீவு லெட்டர்கள்

"மாமியார் வீட்டு எருமை நூம்பல் கிராமத்தில் கல்யாண மண்டபத்துக்குள் புகுந்துவிட்டபடியால், அதைப் பிடித்துக் கட்ட எனக்கு ஒரு நாள் விடுப்பு தேவைப்படுகிறது." கதை எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டாலும், என் கையால் எழுதிய இந்த வரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். காரணம் இல்லாத லீவு லெட்டர் எங்கள் மேனேஜரிடம் செல்லாது. போன மாதக் காரணம் இந்த மாதம் செல்லாது. கள்ளிக்குப்பத்திலிருந்து வரும் வெல்டர் அண்ணனுக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

மாதத்தின் முதல் புதன்கிழமை அவருக்கு லீவு வேண்டும். காரணம் ஒவ்வொரு தடவையும் புதிது. ஒரு மாதம் பருத்திப்பட்டு ஏரியில் மச்சானின் செருப்பு மட்டும் மிதக்கும். மச்சான் டீக்கடையில் அகப்படுவார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுவேன். வீட்டுக்குப் போய் அதையே கதையாக்குவேன். நாலைந்து பத்திரிகையில்கூட வந்தன. சொன்னபோது அவருக்கு ஒரே பெருமை. "பொய்தானே, எவ்ளோ வேணா எடுத்துக்கம்மா," என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். உண்மையில் எங்கேதான் போகிறார் என்று மாதக்கணக்கில் நச்சரித்தேன். ஒரு நாள் சொன்னார். "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு. எம் பொண்ணு கொழந்தய தூக்கிகினு வரும். ஒரு மணி நேரம் பேசிகினு இருப்போம். எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்." தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டதற்காக அவளை ஒதுக்கிவைத்தவர் அந்த அண்ணன். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் தொழிற்சாலையிலேயே பெயின்ட் பிரிவில் இருந்தார். இத்தனை பொய்யும் அவர் காதுக்காகத்தான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதையும் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை என்று சொன்னால் அது சாக்கு. நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. அச்சில் பார்க்க ஆசைப்பட்டேன். வெல்டரைத் தச்சராக்கினேன், பூந்தமல்லியைத் திருவள்ளூராக்கினேன். ஆனால் தீப்பொறி சுட்டுச் சொரசொரத்த கை பேரனுக்கு உறுத்துமென்று, துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்குவார் என்பதை மட்டும் விட மனம் வரவில்லை. தச்சர் கையில் ஏது தீப்பொறி? கேன்டீனில் பத்திரிகை கைமாறியபோது எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. பெயின்ட் பிரிவில் இருந்த அவருடைய அண்ணனுக்கும்தான்.

வெல்டர் அண்ணன் என் மேசைக்கு வந்தார். கத்தவில்லை. "பொய்ய எல்லாம் எடுத்துக்க சொன்னேன். இத இன்னாத்துக்கும்மா எடுத்தே?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது. இனி மகளைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, அவருடைய போனையும் அவர் அண்ணன் பிடுங்கி வைத்துக்கொண்டதாகப் பிறகு கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் முதல் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்துவிட்டு, என் பக்கம் பாராமல் உள்ளே போனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் என் மனம், அந்தப் பெண் இந்நேரம் எந்த பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள், அப்பா வரமாட்டார் என்பது அவளுக்கு எத்தனை மணிக்குப் புரியும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தது.